கடைமடைத் தண்ணீரில் கதிரியக்க முதற்கட்டச் சோதனை: எண்ணிக்கை முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது

குடிநீரில் கதிரியக்கம் இருக்கிறதா என்று வேகமாகப் பார்க்கும் முதற்கட்டச் சோதனை காகிதத்தில் மிக எளிது. தண்ணீரை எஃகுத் தட்டில் வற்றவைக்கிறோம். மிஞ்சிய படிவை, அதிலிருந்து வரும் ஆல்ஃபா, பீட்டா துகள்களை எண்ணும் கவுன்டருக்குள் வைக்கிறோம். வரும் எண்ணிக்கையை லிட்டருக்கு இத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்று மாற்றுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு மொத்த ஆல்ஃபாவுக்கு லிட்டருக்கு 0.5 பெக்கரல், மொத்த பீட்டாவுக்கு 1 பெக்கரல். நம் நாட்டுக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500 (2012) பீட்டாவுக்கு அதே 1 பெக்கரலை வைத்துக்கொண்டு ஆல்ஃபாவை மட்டும் 0.1க்கு இறுக்கிவிட்டது. அளவுக்குக் கீழே இருந்தால் அதோடு விட்டுவிடலாம். மேலே போனால் எந்தத் தனிமம் காரணம் என்று தேட வேண்டும்.

கல்லணைக்குக் கிழக்கே, காவிரிப் பாசனம் முடியும் கடைமடையை நோக்கி வரவர இந்த எளிமை குறைந்துகொண்டே போகிறது. திருவாரூரைத் தாண்டி திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று கடலை நெருங்கினால் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கிடக்கும் இடங்கள் ஏராளம். அந்த உப்பு சோதனையை இரண்டு பக்கமும் இழுக்கும். பீட்டாவைத் தேவையில்லாமல் ஏற்றிக் காட்டும்; ஆல்ஃபா உண்மையிலேயே இருந்தாலும் விழுங்கிவிடும். ஆகவே கீழே எந்தச் சிக்கலைத் தேடி வந்திருந்தாலும் சரி, முதலில் உங்கள் நோட்டைப் பாருங்கள். அந்த மாதிரியின் கடத்துத்திறன் (மின்சாரத்தைக் கடத்தும் அளவு), டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்திருப்பது எத்தனை மில்லிகிராம்), பொட்டாசியம் மூன்றும் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கவுன்டரைக் குறைசொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

காலையில் எண்ணினால் அதிகம், மதியம் பாதிகூட இல்லை

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த தண்ணீரை அவசரமாக வற்றவைத்து எண்ணினால் இது நடக்கும். காரணம் ரேடான் என்ற கதிரியக்க வாயு. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 3.8 நாள். வாயு என்பதால் சூடாக்கும்போது பெரும்பாலும் பறந்துவிடும். ஆனால் தண்ணீரில் ஏற்கெனவே அது ஈன்றுவைத்த ஈயம் 214, பிஸ்மத் 214 ஆகியவை தட்டிலேயே தங்கிவிடுகின்றன. இவற்றின் அரை ஆயுள் 27 நிமிடமும் 20 நிமிடமும். ஆக, நான்கு மணி நேரம் கழித்து அதே தட்டை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரிந்து ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் ரேடான் வாரிசுகளைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

நான்கு மணி நேரத்தில் அடங்காமல் மறுநாள் வரை மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் அது தோரியம் சிதைந்து வரும் வழியில் வந்தது. அங்கே ஈயம் 212 இருக்கிறது, அரை ஆயுள் 10.6 மணி. கருமணல் ஒதுங்கும் கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் இதை எதிர்பார்க்கலாம். நாட்கணக்கில் இறங்கினால் ரேடியம் 224 மீது சந்தேகப்படலாம், அதற்கு 3.7 நாள்.

இன்னொரு வகை இருக்கிறது. முதல் நாள் குறைவாக இருந்த ஆல்ஃபா, வாரம் தாண்டியதும் ஏறியிருக்கும். யாரோ தட்டைத் தொட்டு அசுத்தப்படுத்திவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ரேடியம் 226 இருக்கும் படிவு இப்படித்தான் நடந்துகொள்ளும்: படிவுக்குள் புதிதாக ரேடான் பிறக்கிறது, அதன் வாரிசுகளும் சேர்ந்து ஆல்ஃபா வீசுகின்றன. ரேடான் படிவைவிட்டு வெளியேறாவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் ரேடியத்தின் ஆல்ஃபா எண்ணிக்கை நான்கு மடங்கை நெருங்கும். அதனால்தான் தயாரித்த தேதியும் நேரமும் இல்லாத தட்டு எதற்கும் உதவாது என்கிறேன். பல ஆய்வகங்களில் வற்றவைத்து மூன்று நாள் கழித்து எண்ணுவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ரேடியம் 224ஐப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த மூன்று நாளில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். சந்தேகமுள்ள கிணறாக இருந்தால் அன்றே ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை என்று இரண்டு தடவை எண்ணுங்கள்.

பீட்டா 1 பெக்கரலைத் தாண்டுகிறது, ஆல்ஃபா சாதுவாக இருக்கிறது

கடைமடையில் அதிகம் வரும் சிக்கல் இது. ஊரில் பேச்சு கிளம்பவும் இதுவே போதும். பெரும்பாலும் குற்றவாளி பொட்டாசியம்.

இயற்கையான பொட்டாசியத்தில் பொட்டாசியம் 40 ஒரு துளி எப்போதும் கலந்தே இருக்கும். ஒரு கிராம் பொட்டாசியத்திலிருந்து வரும் பீட்டா ஏறக்குறைய 28 பெக்கரல். கடல்நீரில் லிட்டருக்கு 0.4 கிராம் அளவில் பொட்டாசியம் உண்டு. அப்படியானால் சுத்தமான கடல்நீரே லிட்டருக்கு 11 பெக்கரல் பீட்டா காட்டும். கிணற்று நீரில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்திருந்தாலே 1 பெக்கரல் எல்லை தாண்டிவிடும். அணு உலையும் வேண்டாம், விபத்தும் வேண்டாம். தண்ணீர் உப்பாக இருந்தால் போதும்.

வயலோரக் கிணறு என்றால் பொட்டாஷ் உரத்தையும் கணக்கில் வையுங்கள். மூட்டையில் வரும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடுதான், அதில் பாதிக்குமேல் பொட்டாசியம். சம்பாவுக்கு மேலுரம் போட்ட கையோடு மழை பெய்து, வயல் நீர் திறந்த கிணற்றில் இறங்கியிருந்தால் பீட்டா ஏறியிருப்பதில் வியப்பில்லை. மாதிரி எடுக்கப் போகிறவர் அந்த வாரம் உரம் போட்டார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். கேட்டால் சொல்லிவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை.

பொட்டாசியத்தை அளக்க பெரிய கருவி தேவையில்லை. மண் பரிசோதனை நிலையத்தில் சாம்பல் சத்து பார்க்கும் ஃபிளேம் போட்டோமீட்டரே போதும். லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று வந்தால் 0.06ஐ 28ஆல் பெருக்குங்கள், 1.7 பெக்கரல். மொத்த பீட்டா 1.9 என்றால் பொட்டாசியம் போக மிஞ்சுவது 0.2. விஷயம் முடிந்தது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உப்புத் தண்ணீரில் சோடியம் மிகுதி. சோடியம் அதிகமாக இருந்தால் ஃபிளேம் போட்டோமீட்டர் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். கூடுதலாகக் காட்டிய பொட்டாசியத்தைக் கழித்தால் உண்மையான பீட்டாவையும் சேர்த்துக் கழித்துவிடுவீர்கள். கழித்த பிறகு விடை தெளிவாக எதிர்மறையில் போனால் அதுதான் அடையாளம். மாதிரியை நன்றாக நீர்த்து, தரக்கரைசல்களிலும் அதே அளவு சோடியம் சேர்த்து மறுபடி அளந்தால் சரியாகிவிடும். கடத்துத்திறனை வைத்துப் பொட்டாசியத்தை ஊகிக்கும் குறுக்குவழியும் உதவாது. களிமண் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலத்துக்குள் புகுந்த கடல்நீரில் உப்பு இருக்கும் விகிதத்துக்குப் பொட்டாசியம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அளந்துதான் ஆக வேண்டும்.

பொட்டாசியத்தைச் சரியாகக் கழித்த பிறகும் 1 பெக்கரலுக்கு மேல் நின்றால், அப்போது ரேடியம் 228, ஈயம் 210, ஸ்ட்ரான்ஷியம் 90, சீசியம் 137 என்ற பட்டியலைக் கையில் எடுக்கலாம்.

உப்பு கரிக்கிற தண்ணீர், ஆல்ஃபா மட்டும் பூஜ்யம்

பீட்டா ஏறினால் எல்லோரும் பதறுகிறார்கள். ஆல்ஃபா பூஜ்யம் என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் கடைமடை ஆய்வகத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பூஜ்யத்தைத்தான்.

ஆல்ஃபா துகள் காற்றில் மூன்று நான்கு சென்டிமீட்டர் போகும். தண்ணீரிலோ உப்பிலோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூடத் தாண்டாது. தட்டில் வெள்ளையாக உப்பு அப்பிக் கிடந்தால் அடியில் பிறக்கும் ஆல்ஃபா மேலே வந்து சேராது. தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாலே தெரியும்: நல்ல தட்டில் பனி படிந்த கண்ணாடி போல மெல்லிய மங்கல் இருக்கும், அடியில் எஃகு மினுங்கும். கெட்ட தட்டில் ஓரத்தில் உப்பு வளையம் கட்டி, நடுவில் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். லேசாகச் சாய்த்தால் பொலபொலவென்று கொட்டும். அதை எண்ணியே பயனில்லை.

கணக்கில் சொன்னால், ஆல்ஃபாவுக்குப் படிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு அங்குலத் தட்டின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர், ஆகவே மொத்தம் 100 மில்லிகிராம். டி.டி.எஸ். 500 உள்ள தண்ணீரில் 200 மில்லிலிட்டர் வற்றவைக்கலாம். டி.டி.எஸ். 2000 என்றால் 50 மில்லிலிட்டரோடு நிறுத்த வேண்டும். அளவு குறைந்தால் கண்டறியும் எல்லை மேலே போய்விடும். பின்னணி (வெற்றுத் தட்டே காட்டும் எண்ணிக்கை) நிமிடத்துக்கு 0.2, எண்ணும் திறன் (வெளிவருவதில் கவுன்டர் பிடிக்கும் பங்கு) 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிலிட்டரை 100 நிமிடம் எண்ணினால் எல்லை லிட்டருக்கு 0.3 பெக்கரல் பக்கம் வரும். 400 நிமிடம் எண்ணினாலும் 0.15தான். ஐ.எஸ். கேட்கும் 0.1ஐ இந்த நேரத்துக்குள் இந்தத் தட்டால் பார்க்க முடியாது. அப்படி இருக்க, அறிக்கையில் “ஆல்ஃபா இல்லை” என்று எழுதுவது சரியா? “0.3க்குக் கீழே” என்றுதான் எழுத முடியும். எல்லையைச் சொல்லாமல் பூஜ்யம் எழுதுகிறவர் எண்ணாமலே எழுதியிருக்கலாம், மின்சாரமாவது மிச்சமாகியிருக்கும்.

வெளியே வர வழி, உப்பை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் வீழ்படிவாக்குவது. ஒரு லிட்டர் வரை தண்ணீர் எடுத்து, அமிலமாக்கி, கொஞ்சம் பேரியமும் இரும்பும் சேர்க்க வேண்டும். சல்ஃபேட்டில் பேரியம் வீழும்போது ரேடியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு அம்மோனியா விட்டால் இரும்பு ஹைட்ராக்சைடு வீழும். யுரேனியம், தோரியம், பொலோனியம் அதோடு வந்துவிடும். சோடியமும் குளோரைடும் கரைசலிலேயே தங்கும். வடிகட்டி, உலர்த்தி, மூன்று மணி நேரம் ரேடான் வாரிசுகள் அடங்க விட்டு எண்ணலாம். டி.டி.எஸ். 500ஐத் தாண்டினால் நேராக இதற்கே போய்விடுங்கள்.

இதிலும் யுரேனியம் குறைவாக வந்தால் கார்பனேட்டைப் பாருங்கள். நிலத்தடி நீரில் பைகார்பனேட் தாராளம். அது யுரேனியத்தைக் கட்டிப்பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும். அமிலமாக்கிய பிறகு அவசரப்படாமல் சூடாக்கிக் கலக்கி, கார்பன் டை ஆக்சைடு முழுக்க வெளியேறிய பிறகுதான் அம்மோனியா விட வேண்டும். குமிழ் நின்றதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

எண்ணும் திறனைக் காண வைக்கும், அளவு தெரிந்த தரமூலமும் இங்கே சேர்த்தி. அமெரிசியம் 241 வீசும் ஆல்ஃபாவுக்கு 5.5 எம்.இ.வி. ஆற்றல், யுரேனியத்துக்கு 4.2 முதல் 4.8 வரைதான். படிவு தடிக்கத் தடிக்க ஆற்றல் குறைந்தது முதலில் சாகும். ஆகவே அமெரிசியத்தை வைத்துத் திறன் கண்டால் யுரேனியத் தண்ணீர் உண்மையைவிடக் குறைவாகவே வரும். இதே தடிமன் இன்னொரு வேலையும் செய்யும்: ஆற்றல் இழந்த ஆல்ஃபாவை கவுன்டர் பீட்டா என்று எண்ணிவிடும். ஆல்ஃபா குறைந்து பீட்டா ஏறிய தட்டு கிடைத்தால் பொட்டாசியத்தைத் திட்டும் முன் படிவின் எடையைப் பாருங்கள்.

தட்டின் எடை நிற்க மாட்டேன் என்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் இது தினசரித் தொல்லை. எடை போட்டு வைத்த தட்டு கவுன்டருக்குப் போய்வருவதற்குள் இரண்டு மில்லிகிராம் ஏறியிருக்கும், மேற்பரப்பு பசபசவென்று ஈரம் கோத்திருக்கும். நைட்ரேட் உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகின்றன.

நைட்ரிக் அமிலத்தை விட்டுவிடலாமே என்றால் அதுவும் முடியாது. குளோரைடு எஃகுத் தட்டை அரிக்கும். கடைமடைத் தண்ணீரை அப்படியே வற்றவைத்தால் தட்டில் பழுப்புத் துரு பூத்துவிடும், துருவின் எடையும் படிவில் சேரும். குளோரைடை விரட்ட நைட்ரிக் அமிலம் வேண்டும்; நைட்ரிக் அமிலம் போட்டால் ஈரம் கோக்கும். தட்டை லேசாகச் சிவக்கும்வரை சூடாக்கினால் நைட்ரேட் ஆக்சைடாகி ஈரம் நிற்கும்தான். ஆனால் அந்தச் சூட்டில் பொலோனியமும் சீசியமும் ஆவியாகக் கிளம்பிவிடும். எது முக்கியம் என்று மாதிரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வழக்கமான கிணற்று நீருக்கு நான் சல்ஃபேட் வழியைத்தான் சொல்வேன்: கந்தக அமிலம் சேர்த்து வற்றவைத்து 350 டிகிரியில் சூடாக்கினால் படிவு அடக்கமாக இருக்கும். சீசியம் சந்தேகம் உள்ள மாதிரியைச் சூடேற்றவே வேண்டாம், காமா நிறமாலைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

தட்டை ஈரம் படாமல் வைக்கும் டெசிகேட்டரில் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிவிடும்.

பின்னணியே ஏறிக்கிடக்கிறது

வெற்றுத் தட்டை எண்ணினாலே நேற்றைவிட அதிகம் என்றால் முதலில் விளக்கை அணையுங்கள். ஜிங்க் சல்ஃபைடு உள்ள கவுன்டரில் மேலே ஒட்டிய மைலார் தாளில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் வெளிச்சம் உள்ளே போய் எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். கறுப்புத் துணி போட்டதும் இறங்கினால் ஓட்டைதான், தாளை மாற்ற வேண்டும்.

வெளிச்சத்தால் இல்லையென்றால் நேரத்தைக் கவனியுங்கள். இரவு முழுக்கப் பூட்டிக்கிடந்த அறையில் காலையில் ரேடான் சேர்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து எண்ணிப் பாருங்கள். கருங்கல் மேடைமேல் கவுன்டரை வைத்திருந்தால் கல்லே பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றையும் வைத்திருக்கிறது. இடையில் ஈயம் வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் நொடியில் எண்ணிக்கை துள்ளினால் அந்த முறை எண்ணியதை நோட்டில் அடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் உயர் மின்னழுத்த இணைப்பில் ஈரம் இறங்கினாலும் இதே துள்ளல் வரும்.

இவை எதுவும் இல்லையென்றால் உள்ளே யாரோ தட்டைக் கவிழ்த்திருக்கிறார்கள். தட்டு வைக்கும் தாங்கியை மட்டும் மாற்றி எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே பாட்டில், இரண்டு தட்டு, இரண்டு விடை

முதலில் இது வித்தியாசம்தானா என்று பாருங்கள். 20 எண்ணிக்கை வந்தால் அதன் தடுமாற்றமே நாலரை. ஒரு தட்டில் 18, அடுத்ததில் 25 என்றால் இரண்டும் ஒன்றுதான். நூறு தாண்டிய பிறகு பேசலாம்.

உண்மையான வித்தியாசம் என்றால் சேற்றைச் சந்தேகியுங்கள். மேட்டூரில் ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்தப் புதுத்தண்ணீர் கடைமடை வந்துசேரும்போது கலங்கலாக இருக்கும். வண்டலில் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் பொட்டாசியம் இருப்பது சாதாரணம். ஒரு தட்டுக்குக் கூடக் கொஞ்சம் சேறு போனாலே பீட்டா மாறிவிடும். எடுத்த இடத்திலேயே வடிகட்டி, அதன் பிறகு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.ஐ 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வரிசை மாறினால், அதாவது அமிலம் முதலில் போனால், சேற்றில் இருந்ததெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். அமிலமே விடாவிட்டால் ரேடியமும் மற்றவையும் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

விதிவிலக்கு இரண்டு. அயோடின் பார்க்க வேண்டிய மாதிரிக்கு அமிலம் கூடாது, ஆவியாகப் போய்விடும். டிரிட்டியத்துக்கும் (கதிரியக்க ஹைட்ரஜன்) அமிலம் வேண்டாம், கண்ணாடிப் பாட்டில் போதும்.

மாதிரி எடுத்த விதத்தையும் கேளுங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் “அண்ணே, மோட்டார் போட்டு எவ்வளவு நேரமாச்சு?” என்று கேட்டால் “இப்பதான் தம்பி, நீங்க வர்றீங்கன்னு போட்டேன்” என்பார். குழாயில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் அது. இருபது நிமிடம் ஓடவிட்டு, கடத்துத்திறன் ஒரே அளவில் நின்றதும் பிடிக்க வேண்டும்.

காமா நிறமாலையில் சீசியம் மாதிரி ஒரு மேடு

அவசர காலத்தில் வற்றவைக்க நேரம் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீரை உணரியைச் சுற்றிக் கவியும் மரினெல்லி பீக்கரில் ஊற்றி, ஈயக் கவசத்துக்குள் சோடியம் அயோடைடு உணரியின்மேல் வைத்துப் பார்ப்பதுதான் வேகமான வழி. தேடுவது பெரும்பாலும் இரண்டு பேரை: 364 கே.இ.வி. (காமாவின் ஆற்றலைச் சொல்லும் அலகு) இடத்தில் அயோடின் 131, 662இல் சீசியம் 137.

சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் பக்கத்து வீட்டிலேயே ரேடான் வாரிசுகள் குடியிருக்கின்றன. ஈயம் 214க்கு 352, பிஸ்மத் 214க்கு 609. சோடியம் அயோடைடு 662இல் ஐம்பது கே.இ.வி. அகலத்துக்குக் குன்று போட்டுவிடும் கருவி. 352ஐயும் 364ஐயும் அதனால் பிரிக்கவே முடியாது. 609உம் 662உம் தோளோடு தோள் உரசி நிற்கும். இதில் உணரியின் வெப்பநிலை மாறினால் அளவுகோலே நகர்ந்துவிடும். 609இல் இருக்க வேண்டிய மேடு 640இல் போய் நிற்கலாம். பழகாத கண்ணுக்கு அது சீசியம்தான்.

முதலில் 1461ஐப் பாருங்கள். பொட்டாசியம் 40 எப்போதும் அங்கேதான் இருக்க வேண்டும், சுவரிலிருந்தாவது வந்துகொண்டிருக்கும். அது நகர்ந்திருந்தால் அளவுகோலைத் திருத்திவிட்டுப் பேசுங்கள். அடுத்து 1120, 1764 இரண்டையும் பாருங்கள். அங்கே மேடு இருந்தால் பிஸ்மத் 214 வந்திருக்கிறது என்று பொருள்; 609இன் பங்கும் அதனுடையதுதான். கடைசியாக, தண்ணீரை வாளிக்கு வாளி உயரத்திலிருந்து பலமுறை மாற்றி ஊற்றுங்கள், அல்லது மீன்தொட்டி பம்பை விட்டுக் கால் மணி நேரம் குமிழவிடுங்கள். ரேடான் போய்விடும். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி வைத்தால் ரேடானின் மேடுகள் மறைந்திருக்கும். சீசியமும் அயோடினும் இப்படி ஊற்றியதற்காகப் போகாது.

2011 மார்ச்சில் புகுஷிமா விபத்துக்குப் பிறகு டோக்கியோவின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் அயோடின் 131 கண்டார்கள். கைக்குழந்தைகளுக்கு அங்கே வைத்திருந்த எல்லை 100. அந்த அளவு இருந்தால் சோடியம் அயோடைடில் நிமிடங்களில் தெரியும். அவசரச் சோதனைக்கு வேண்டிய துல்லியமும் அவ்வளவுதான். சர்வதேச அணுசக்தி முகமை 2011இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அவசரநிலையில் உணவையும் தண்ணீரையும் முதலில் பிரித்துப் பார்க்கும் அளவு பீட்டாவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல், ஆல்ஃபாவுக்கு 5. சாதாரண நாளின் 1 பெக்கரலை அவசர நாளில் தேடிக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்கும் பாட்டில்கள் நகராது.

மீட்டரை கேன்மேல் வைத்தேன், ஒன்றும் காட்டவில்லை

காட்டாது. கையில் பிடிக்கும் கெய்கர் மீட்டர் தண்ணீர் கேனுக்கு ஏற்ற கருவியில்லை. ஆல்ஃபாவைக் கேனின் பிளாஸ்டிக்கே தடுத்துவிடும், பீட்டாவைப் பெரும்பகுதி தண்ணீரே தடுத்துவிடும். மிஞ்சும் காமா, லிட்டருக்கு ஒரு பெக்கரல் அளவில், பின்னணியில் காணாமல் போய்விடும். மீட்டர் பேசாமல் இருப்பதை வைத்துத் தண்ணீர் சுத்தம் என்று சான்று கொடுக்க முடியாது.

டிரிட்டியம் இன்னும் மோசம். அதன் பீட்டாவின் உச்ச ஆற்றலே 18.6 கே.இ.வி.தான். கெய்கர் மீட்டரின் ஜன்னலைக்கூடத் தாண்டாது. வற்றவைத்தால் தண்ணீரோடு தண்ணீராக ஆவியாகிவிடும், தட்டில் எதுவும் மிஞ்சாது. தண்ணீரை ஒளிரும் திரவத்தோடு கலந்து அந்த ஒளியை எண்ணும் திரவ ஒளிர்மி எண்ணி ஒன்றே வழி. அதில் எண்ணிக்கை எதிர்பாராமல் உயரமாக வந்தால் புட்டியை இருட்டில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். வேதி ஒளிர்வாக இருந்தால் காலையில் அடங்கியிருக்கும். இரும்புக்கறை படிந்த மஞ்சள் தண்ணீர் என்றால் நிறமே ஒளியைக் குடித்துவிடும். காய்ச்சி வடித்துவிட்டு எண்ண வேண்டும்.

ஆல்ஃபா 0.1ஐத் தாண்டியது, காரணம் தெரியவில்லை

மற்றதையெல்லாம் தேடும் முன் யுரேனியத்தை அளந்துவிடுங்கள். இயற்கை யுரேனியம் ஒரு மில்லிகிராம் 25 பெக்கரல் ஆல்ஃபா தரும். லிட்டருக்கு வெறும் 4 மைக்ரோகிராம் இருந்தாலே ஐ.எஸ். சொல்லும் 0.1 நிறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் யுரேனியத்துக்குச் சொல்வதோ 30 மைக்ரோகிராம். அதாவது யுரேனியக் கணக்கில் தாராளமாகத் தேறும் தண்ணீர் ஆல்ஃபாக் கணக்கில் தோற்றுப்போகலாம். இரண்டு விதியும் இப்படி ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதை அறிக்கை வாங்குகிறவருக்கு விளக்கிச் சொல்வது ஆய்வகத்தின் வேலை.

யுரேனியத்தை ஒளிரவைத்து அளக்கும் எல்.ஈ.டி. ஃபுளோரிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. கடைமடைத் தண்ணீரில் அது குறைத்துக் காட்டும். குளோரைடும் இரும்பும் யுரேனியத்தின் ஒளிர்வை அணைத்துவிடுகின்றன. பத்து மடங்கு நீர்த்து, அதே குவளையில் தெரிந்த அளவு யுரேனியம் சேர்த்து, எவ்வளவு ஏறியது என்பதை வைத்துக் கணக்கிட வேண்டும். தனித் தரக்கரைசலில் வரைந்த கோடு இங்கே செல்லாது.

யுரேனியம் ஆல்ஃபா முழுவதையும் விளக்கிவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். நிலத்தடி நீரில் யுரேனியம் 234 தன் பங்குக்குமேல் இருப்பதும் உண்டு, ஆகவே கொஞ்சம் மிச்சம் நின்றாலும் பதற வேண்டாம். பாதிக்குமேல் விளக்கம் இல்லாமல் நின்றால் ரேடியம் 226, பொலோனியம் 210.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் அதிகம்தான்

அதே கிணற்றில் வேறொரு நாள் புதிதாக மாதிரி எடுங்கள். அதுவும் அதிகம் என்றால் தனிமம் பிரித்துப் பார்க்க வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். கல்பாக்கத்திலிருந்து வந்திருக்குமோ என்று ஊரில் கேட்பார்கள். காமாவில் சீசியம் 137 இல்லை, அதிகமாக இருப்பது யுரேனியமும் ரேடியமும் என்றால் அது மண்ணிலும் பாறையிலும் இருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஊராட்சிக்கு அதற்குமுன் ஒற்றை எண்ணை எழுதிக் கொடுக்காதீர்கள். இந்த அளவுகள் தினம் இரண்டு லிட்டர் வீதம் ஒரு வருடம் குடித்தால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட் என்ற கணக்கில் வைக்கப்பட்டவை. அடுத்த முடிவு வரும்வரை இரண்டு வாரம் காத்திருப்பதால் யாருக்கும் கெடுதல் வராது. அவசர அறிவிப்பு வந்திருக்கும் நாளுக்கு மட்டும் இது பொருந்தாது.

அனுப்பும்போது வடிகட்டி அமிலம் விட்டது இரண்டு லிட்டர், அமிலம் விடாதது ஒரு லிட்டர், காற்றுக்குமிழ் இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடிய சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்று என்று மூன்றாக அனுப்புங்கள். கடைசிப் புட்டி ரேடானுக்கு. அதன்மேல் எடுத்த தேதியோடு மணியையும் எழுதி, அதை மட்டும் அன்று மாலையே பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.